ஜேஸ்பெசிஃபையும் நல்அவேயும்: என் லைப்ரரிக்குள் நான்கு மாதம் வைத்துப் பார்த்தது

ஜாவா என்ற நிரல்மொழியில் ‘இங்கே எதுவும் இல்லை’ என்பதற்கு இருக்கும் சொல்லைத் தமிழில் எழுதினால் ‘நல்’ என்று வந்து நிற்கிறது. நல்வரவு, நல்வாழ்த்து என்பதில் வரும் அதே நல். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எத்தனையோ முறை என்னை எழுப்பிவிட்ட ஒரு சங்கதிக்கு இப்படி ஒரு மங்கலமான எழுத்துக்கூட்டல். அதோடு, ‘இந்த இடத்தில் நல் வரலாம்’ என்று சொல்லும் குறிக்குப் பெயர் ‘@நல்லபிள்’. ஒருநாள் போனில் யாருக்கோ இதை நான் விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்ட அம்மா, “யாருடி அந்த நல்ல பிள்ளை, நாலு நாளா அவன் பேச்சாவே இருக்கு?” என்றார்.

அந்த நல்ல பிள்ளையைப் பற்றிய விமர்சனம்தான் இது. இரண்டு பொருள்களைச் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் ஒன்றில்லாமல் மற்றொன்றுக்குப் பாதி மதிப்புதான். ஒன்று ஜேஸ்பெசிஃபை, நல் எங்கே வரலாம் என்று நிரலில் குறிக்க உதவும் சொற்கள். மற்றது நல்அவே, அந்தக் குறிகளின்படி நிரல் இருக்கிறதா என்று சோதிக்கும் கருவி. இரண்டும் இலவசம், இரண்டும் திறமூலம். செலவு சனி ஞாயிறுகளில்தான்.

நான் எட்டு வருடமாக ஒரு சின்ன ஜாவா லைப்ரரியை, அதாவது மற்றவர்கள் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பை, பராமரித்து வருகிறேன். போனிலிருந்து தொடர்புகளை ஏற்றுமதி செய்தால் விசிஎஃப் என்று ஒரு கோப்பு வருமே, அந்த வீகார்டு கோப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் லைப்ரரி. எண்பது சொச்சம் கிளாஸ் (நிரலின் அலகுகள்), அவற்றைத் தொகுத்து வைக்கும் ஏழு பேக்கேஜ். பெரிய கூட்டம் கிடையாது. ஆனால் பயன்படுத்துகிறவர்கள் விடாமல் பயன்படுத்துகிறார்கள், உடைந்தால் உடனே சொல்லியும் விடுகிறார்கள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒருவர் இரண்டாயிரத்துச் சொச்சம் தொடர்புகள் கொண்ட கோப்பை ஏற்றியிருக்கிறார். பாதியில் நின்றுவிட்டது. அவர் அனுப்பிய எரரில் எந்த மெத்தட் (ஒரு வேலையைச் செய்து விடை திருப்பும் நிரல்துண்டு) நல் திருப்பியது என்பது வரை இருந்தது. நல்லைத் தொட்டு நிரல் நின்றால் வரும் நல் பாயின்டர் எக்செப்ஷனின் செய்தி ஜாவா 15-இலிருந்து தானாகவே இப்படி விவரமாக வருகிறது, அதற்குமுன் வரி எண்ணை வைத்துக்கொண்டு ஆரூடம் பார்க்க வேண்டும். நின்ற இடம் என் லைப்ரரிக்குள்ளேயே இருந்தது. தொடர்பின் பெயர்ப்பகுதியைக் கொடுக்கும் மெத்தடும் என்னுடையது, அதைக் கூப்பிட்டு யோசிக்காமல் அடுத்த புள்ளி வைத்த மெத்தடும் என்னுடையது. என் வீட்டுப் படியில் நானே தடுக்கி விழுந்திருக்கிறேன்.

காரணம் சுவாரசியமானது. வீகார்டு 3.0 தரத்தில், பெயரைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சொல்லும் ‘என்’ வரி கட்டாயம். 2011-இல் வந்த 4.0 தரத்தில் அது கட்டாயமில்லை, முழுப்பெயர் சொல்லும் ‘எஃப்என்’ வரி இருந்தால் போதும். நான் 3.0-ஐ மனத்தில் வைத்து எழுதிவிட்டு, அப்புறம் 4.0-க்கும் ஆதரவு சேர்த்தபோது இதைக் கவனிக்கவில்லை. அந்த ஒரு தொடர்பில் ‘என்’ வரியே இல்லை.

ஒரு ‘இஃப்’ போட்டு அன்றைக்கே சரிசெய்துவிட்டேன். ஆனால் உறுத்தல் போகவில்லை. இதேபோல இன்னும் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. எட்டு வருடம் வளர்த்த பிள்ளைக்கு என்னென்ன ஒவ்வாமை என்று தெரியாத தாய் மாதிரி இருந்தது.

சரி, பொருளுக்கு வருவோம்.

ஜேஸ்பெசிஃபை என்பது வெறும் நான்கு அனொட்டேஷன்கள், அதாவது நிரலில் ஒட்டும் குறிகள். @நல்லபிள், @நான்நல், @நல்மார்க்டு, @நல்அன்மார்க்டு. அவ்வளவுதான். கூகுள், ஜெட்பிரெயின்ஸ், ஊபர், ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட், ஸ்பிரிங் குழு எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு குறிக்கும் துல்லியமாக என்ன பொருள் என்று பேசி முடிவு செய்து 2024 ஜூலையில் 1.0.0 வெளியிட்டார்கள். நான்கு சொல்லுக்கு இத்தனை பேரா என்று சிரிப்பதற்குமுன் இதற்கு முந்தைய நிலையைப் பார்க்க வேண்டும். என் லைப்ரரியைத் திறந்து தேடியபோது ஏற்கெனவே மூன்று வேறு நல்லபிள்கள் இருந்தன. ஒன்று நான் தொடக்கத்தில் போட்டது, ஜேஎஸ்ஆர் 305 என்ற முயற்சியில் பிறந்தது. அந்த முயற்சி முடிவடையாமலே கைவிடப்பட்டது. போதாக்குறைக்கு, ஜாவாவின் சொந்தப் பேக்கேஜ் பெயரிலேயே உட்கார்ந்திருப்பதால் ஜாவா 9-இன் மாட்யூல்களோடு அதற்குத் தகராறு. இரண்டாவது ஜெட்பிரெயின்ஸுடையது, யாரோ ‘இதையும் சேருங்கள்’ என்று அனுப்பிய திருத்தத்தோடு, அதாவது புல் ரிக்வெஸ்ட்டோடு வந்தது. மூன்றாவது ஆண்ட்ராய்டுடையது, அதுவும் அப்படியே. மூன்றுக்கும் ஒரே பெயர், மேலே இருக்கும் இம்போர்ட் வரி மட்டும் வேறு. மொத்தம் பன்னிரண்டு மெத்தட்களில் மட்டும் ஒட்டப்பட்டிருந்தன. மற்ற மெத்தட்களில் குறி இல்லை என்றால் நல் வராது என்று அர்த்தமா, இல்லை, யாரும் யோசிக்கவில்லை என்று அர்த்தமா? தெரியாது. இதுதான் பழைய முறையின் பெரிய கோளாறு.

@நல்மார்க்டு இதைத்தான் தீர்க்கிறது. ஒரு பேக்கேஜின் தலையில் அதை வைத்துவிட்டால், ‘இதற்குள் தனியாகச் சொல்லாத இடத்தில் எல்லாம் நல் வராது’ என்று பொருள். வரக்கூடிய இடத்தில் மட்டும் @நல்லபிள் போட வேண்டும். மௌனத்துக்கு ஒரு பொருள் கிடைத்துவிடுகிறது.

ஆனால் ஜேஸ்பெசிஃபை எதையும் சோதிக்காது. அது டப்பாவில் ஒட்டும் லேபிள். டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்கிற பாட்டி, நல்அவே. ஊபர் நிறுவனம் தன் ஆண்ட்ராய்டு செயலிகளுக்காக எழுதி 2017-இல் திறமூலமாக வெளியிட்டது. கூகுளின் எரர் ப்ரோன் என்ற பிழைதேடும் கருவி மேல் உட்கார்ந்து, நிரல் கம்பைல் ஆகும்போதே, அதாவது ஓடுவதற்குமுன் இயந்திரத்துக்காக மொழிமாற்றம் ஆகும்போதே, வேலை செய்கிறது. வேகம்தான் அதன் பெருமை. என் லைப்ரரியில் பில்ட் நேரம் கூடியதை நான் உணரவே இல்லை.

பொருத்துவது மட்டும் எரிச்சல். நிரலைக் கட்டித் தரும் பில்ட் கருவிகளில் கிரேடில் பயன்படுத்துகிறவர்களுக்கு இதற்கென்றே பிளகின் இருக்கிறது. நான் மேவன். புதிய ஜாவா பதிப்புகள் கம்பைலரின் உள்ளறைகளைப் பூட்டி வைத்திருப்பதால், எரர் ப்ரோன் உள்ளே நுழைய ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக அனுமதி எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு தனிக் கோப்பில் பத்து வரி. எட்டு ஏற்றுமதி அனுமதி, இரண்டு திறப்பு அனுமதி. வரியில் ஒரு எழுத்து பிசகினால் வருகிற எரருக்கும் நல்லுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. இதைப் பொருத்தவே ஒரு சனிக்கிழமை மதியம் போனது. கேட்டால், ‘ஆவணத்திலிருந்து அப்படியே நகலெடுங்கள்’ என்பார்கள். உண்மைதான், நான் கையால் தட்டியது என் தப்பு. ஆனாலும் ஒரு சோதனைக் கருவிக்கு இந்த அளவு நுழைவுச் சடங்கு தேவையா?

பொருத்தியதும், ‘@நல்மார்க்டு போட்ட பகுதியை மட்டும் பார்’ என்ற தேர்வை இயக்கிவிடுங்கள். இது மிக நல்ல ஏற்பாடு. மொத்த வீட்டையும் ஒரே நாளில் வெள்ளையடிக்க வேண்டியதில்லை, அறை அறையாகப் போகலாம். ஒரு குழி மட்டும் உண்டு. ஜாவாவில் பேக்கேஜ் பெயர்கள் பார்க்கத்தான் தாய் பிள்ளை மாதிரி இருக்கும், சட்டப்படி உறவு கிடையாது. தாய்ப் பேக்கேஜில் வைத்த குறி உள்பேக்கேஜுக்குப் போகாது. நான் மேலே ஒன்றில் மட்டும் வைத்துவிட்டு, ‘அட, எரர் இவ்வளவு கம்மியா’ என்று ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். மாட்யூல் கோப்பு வைத்திருப்பவர்கள் அதில் ஒரே இடத்தில் வைக்கலாம். எனக்கு அது இல்லாததால் ஏழு பேக்கேஜுக்கும் ஏழு கோப்பு.

ஏழையும் வைத்து பில்ட் ஓட்டினேன். 100 எரர். சரி, நூறுதானே என்று உட்கார்ந்து முப்பது நாற்பதைச் சரிசெய்து மறுபடி ஓட்டினேன். 100 எரர். இன்னும் இருபது. மறுபடி 100. ராத்திரி ஒரு மணிக்கு, அட்சயபாத்திரம் கையில் கிடைத்தும் அதிலிருந்து எரர் மட்டுமே வருகிறது என்று நொந்துபோய் இருந்தபோதுதான் உறைத்தது: ஜாவா கம்பைலர் நூறோடு அச்சிடுவதை நிறுத்திவிடும், அது அதன் இயல்பு. வரம்பை ஏற்ற ஒரு தேர்வு இருக்கிறது. ஏற்றிப் பார்த்தால் இன்னும் 287 பாக்கி. இதை முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம்.

இப்போது அந்தத் தவறுகளைப் பற்றி. பாதிக்கு மேல் இயந்திர வேலை. ‘நல் வரக்கூடியதைத் திருப்புகிறாய், ஆனால் வராது என்று சொல்லியிருக்கிறாய்’ என்று நல்அவே காட்டும். @நல்லபிள் போட்டால் அந்த எரர் போய், அந்த மெத்தடைக் கூப்பிடுகிற நான்கு இடத்தில் புதிதாக எரர் முளைக்கும். கிணறு தூர்வாருவது மாதிரி, கொஞ்ச நேரம் சேறு கூடிக்கொண்டேதான் போகும், பிறகு குறையும். இந்தக் கட்டத்தில் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

மிச்சப் பாதிதான் இந்தக் கருவிக்கு நான் பணம் கொடுத்தாவது வாங்கியிருப்பேன் என்று நினைக்க வைத்தது. ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன்.

வீகார்டில் ‘என்’ வரி ஐந்து பகுதி கொண்டது, நடுவில் அரைப்புள்ளி: குடும்பப் பெயர், சொந்தப் பெயர், இடைப் பெயர், முன்னொட்டு, பின்னொட்டு. நம் ஊர்க்காரர்களின் போனைத் திறந்து பார்த்தால் இந்த ஐந்தும் படும் பாடு தெரியும். குடும்பப் பெயர் என்று ஒன்று நம்மில் பலருக்குக் கிடையாது, தலைப்பெழுத்துதான் உண்டு. அந்தத் தலைப்பெழுத்தைச் சிலர் குடும்பப் பெயர் கட்டத்தில் போடுவார்கள், சிலர் பெயரோடு ஒட்டிவிடுவார்கள், பெரும்பாலோர் போடவே மாட்டார்கள். ‘பிளம்பர் முருகன்’, ‘செல்வி மாடிவீடு’, ‘கேஸ் புக்கிங்’. எனவே எனக்கு வரும் கோப்புகளில் முதல் கட்டம் காலியாக இருப்பதுதான் வழக்கம்: அரைப்புள்ளி, செல்வி, மறுபடி மூன்று அரைப்புள்ளி.

இந்த வரியை நான் ஜாவாவின் ‘ஸ்பிளிட்’ வைத்துப் பிரித்திருந்தேன். (எஸ்கேப் செய்த அரைப்புள்ளியை முன்பே தனியாகக் கவனித்துவிட்டேன், அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.) ஸ்பிளிட்டுக்கு ஒரு குணம்: கடைசியில் வரிசையாக வரும் காலித் துண்டுகளைத் தானாகவே தூக்கி எறிந்துவிடும். நடுவிலும் முதலிலும் இருக்கும் காலியை எறியாது. ஆக செல்வியின் வரியில் ஐந்து துண்டுக்குப் பதிலாக இரண்டுதான் கிடைக்கும், முதல் துண்டு வெற்று எழுத்துச்சரம், இரண்டாவது செல்வி. மூன்றாவதிலிருந்து துண்டே இல்லை என்பதால் என் நிரல் நல் வைத்துவிடும்.

விளைவு என்ன? குடும்பப் பெயர் இல்லை என்பதற்கு வெற்றுச்சரம். இடைப் பெயர் இல்லை என்பதற்கு நல். இரண்டும் ‘இல்லை’தான், ஆனால் இரண்டு விதமான இல்லை. அதையும் என் லைப்ரரி முடிவு செய்யவில்லை, அரைப்புள்ளியின் இடம் முடிவு செய்தது. எட்டு வருடம்! பயன்படுத்தியவர்கள் எல்லாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டையும் சோதித்துப் பார்க்கும் வரியை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இப்போது யோசித்தால் அவர்கள் நிரலில் அந்த இரட்டைச் சோதனையை நான் பார்த்திருக்கிறேன். ‘ஏதோ ரொம்ப ஜாக்கிரதையான ஆள்’ என்று நினைத்தேன்.

நல்அவே இதைக் காட்டியது எப்படி என்றால், இடைப் பெயர் மெத்தடில் @நல்லபிள் போடு என்றது, குடும்பப் பெயர் மெத்தடைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிகள். ஒன்றுக்குக் குறி, மற்றதற்கு இல்லை. பார்க்க அசிங்கமாக இருந்தது. ஏன் என்று தோண்டப் போய்த்தான் ஸ்பிளிட் வரை வந்தேன். ஒரு எண்ணைக் கூடக் கொடுத்தால், மைனஸ் ஒன்று, கடைசிக் காலிகளையும் அது விட்டுவைக்கும். நான்குக்கும் குறைவாகவே அரைப்புள்ளி போட்டு அனுப்பும் கோப்புகளும் உண்டு என்பதால், குறைகிற துண்டுக்கு நானே வெற்றுச்சரம் வைத்துவிட்டேன். இப்போது ஐந்து பகுதியும் ஒருபோதும் நல் ஆகாது. ‘என்’ வரியே இல்லாத தொடர்பில் மட்டும் முழுப் பெயர்ப்பகுதியும் @நல்லபிள். இல்லாத வரிக்கும் காலியான வரிக்கும் வித்தியாசம் இருக்கிறது. அதை இப்போதுதான் என் லைப்ரரி ஒழுங்காகச் சொல்கிறது.

இதோடு ஒட்டி இன்னொன்று. முழுப்பெயர் வரியையாவது நம்பலாம் என்று நினைத்தேன். 3.0-இலும் 4.0-இலும் அது கட்டாயம்தானே. ஆனால் அதற்கும் முந்தைய 2.1-இல் கட்டாயமில்லை. 2.1 யார் இன்னும் எழுதுகிறார்கள் என்று கேட்காதீர்கள், ஆண்ட்ராய்டு போன்கள் எழுதுகின்றன. தமிழ்ப் பெயர் இருந்தால் அதில் ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் சமக்குறியும் இரண்டு இலக்கமுமாக மூன்று குறிகள். ‘முருகன்’ என்ற பெயர் ஒரு வரியைத் தாண்டிப் போகும். இந்தக் கோப்புகளை எட்டு வருடமாகப் பார்த்தவளுக்கே தரத்தை எடுத்து வைத்து ஒரு மெத்தட்டுக்கு ஒரு கேள்வி என்று படிக்க இந்தக் கருவி தேவைப்பட்டது.

குறைகள்.

அணிகள், அதாவது அர்ரே. ‘@நல்லபிள் ஸ்ட்ரிங்’ என்று எழுதிப் பக்கத்தில் சதுர அடைப்பு போட்டால், அர்ரேக்குள் இருக்கும் உறுப்புகள் நல் ஆகலாம் என்று பொருள். அர்ரேயே நல் ஆகலாம் என்று சொல்ல, ‘ஸ்ட்ரிங் @நல்லபிள்’ என்று எழுதி அடைப்பைப் போட வேண்டும். ஜாவா 8-இல் வந்த வகைக் குறிகளின் இலக்கணம் இது, ஜேஸ்பெசிஃபையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கண்ணுக்குப் பழக ஒரு மாதம் ஆனது. புகைப்படப் பைட்டுகளைக் கொடுக்கும் மெத்தடில் நான் முதலில் தலைகீழாகத்தான் போட்டேன்.

ஜெனரிக்ஸ், அதாவது எந்த வகைத் தரவு என்பதைப் பிறகு நிரப்பிக்கொள்ளும் வசதி, இன்னும் அரைவேக்காடு. ஜேஸ்பெசிஃபையின் விதிகள் தெளிவாகத்தான் இருக்கின்றன: வகை மாறிக்கு நல்லையும் அனுமதிக்க வேண்டுமானால் அதன் எல்லையிலேயே சொல்ல வேண்டும். ஆனால் நல்அவே அதைச் சோதிக்க ஒரு தனி முறையை இயக்க வேண்டும், அது சரியாக வேலை செய்ய ஜாவாவின் கருவித்தொகுப்பான ஜேடிகே 22 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும், பழைய பதிப்புகள் சிலவற்றில் ஓட்ட வேண்டுமானால் கூடுதலாக ஒரு தேர்வை இயக்க வேண்டும். இயக்கிப் பார்த்தேன். என் பண்புகளின் பட்டியல் கிளாஸில் நாற்பது எரர் வந்தது, அதில் பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்ததில் சிலது தப்பாகக் காட்டுகிறது என்று பட்டது. அணைத்துவிட்டேன். ஒவ்வொரு பதிப்பிலும் முன்னேறுகிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

நல்அவே தெரிந்தே சில இடங்களில் கண்ணை மூடிக்கொள்கிறது. ஒரு மெத்தடைக் கூப்பிட்டு நல் இல்லை என்று பார்த்துவிட்டு, அடுத்த வரியில் மறுபடி அதையே கூப்பிட்டால், அதே விடைதான் வரும் என்று நம்பிவிடுகிறது. இடையில் வேறு மெத்தட் ஏதாவது அந்த ஃபீல்டை மாற்றியிருக்கலாமே என்று சந்தேகப்படாது. இதே வேலையைச் செய்யும் இன்னொரு கருவி, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பராமரிக்கப்படும் செக்கர் ஃப்ரேம்வொர்க், சந்தேகப்படும். அதையும் ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். அது சொல்வது எல்லாம் சரி. ஆனால் தினமும் கூட இருந்து குடித்தனம் நடத்த முடியாத அளவுக்குச் சரி. சம்பளமில்லாமல் ராத்திரியில் பராமரிக்கிற லைப்ரரிக்கு நல்அவேயின் சமரசம்தான் தோது. வங்கிக்கோ மருத்துவக் கருவிக்கோ எழுதுகிறவர்கள் வேறு மாதிரி முடிவு செய்யலாம்.

எதிர்பாராத இடத்தில் புத்திசாலியாகவும் இருக்கிறது. மேப்பிலிருந்து எடுப்பது நல் ஆகலாம் என்று தானாகவே தெரிந்து வைத்திருக்கிறது, ‘இந்தச் சாவி இருக்கிறதா’ என்று முதலில் கேட்டுவிட்டு எடுத்தால் பேசாமல் விட்டுவிடுகிறது. கன்ஸ்ட்ரக்டரில் நிரப்பாத ஃபீல்டை உடனே பிடிக்கிறது, என் பில்டர் கிளாஸில் அப்படி இரண்டு.

இந்தக் குறிகள் எல்லாம் கம்பைல் நேரத்துக்குத்தான், ஓடும்போது எதையும் தடுக்காது என்பதை ஒரு தடவை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலை முடிந்த வாரமே ஒருவர் ஆர்வமாகப் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினார்: பொது மெத்தட்களின் வாசலில் நான் வைத்திருந்த நல் சோதனைகளை எல்லாம் ‘இனி தேவையில்லை’ என்று நீக்கியிருந்தார். நன்றி சொல்லி மூடிவிட்டேன். என் லைப்ரரியைக் கூப்பிடுகிறவர் நல்அவே வைத்திருக்கிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? சாதாரண ஜாவா கம்பைலர் இந்தக் குறிகளைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. வாசல் சோதனை இருக்கட்டும்.

சார்பு விஷயமும் கொஞ்சம் வலித்தது. ‘வேறு எதையும் சார்ந்ததில்லை’ என்ற வரி எட்டு வருடமாக என் லைப்ரரியின் அறிமுகக் கோப்பான ரீட்மியில் இருந்தது. அதைக் காப்பாற்ற ஜேஸ்பெசிஃபையைக் கம்பைலுக்கு மட்டும் என்று வைத்துப் பார்த்தேன். அப்படி வைக்க வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள், பயன்படுத்துகிறவர்களின் பில்டில் குறியைக் காணோம் என்று வார்னிங் வரலாம். முறையான சார்பாகவே சேர்த்தேன், வரியை அழித்தேன்.

இனி கோட்லின், ஜாவா லைப்ரரிகளை அப்படியே கூப்பிடக்கூடிய இன்னொரு நிரல்மொழி. கோட்லினுக்கு நல் ஆகக்கூடியது, ஆகாதது என்ற வேறுபாடு பிறப்பிலேயே உண்டு. குறி இல்லாத ஜாவா லைப்ரரியிலிருந்து வருவதை அது இரண்டுக்கும் நடுவில் ஒரு திரிசங்கு வகையாக வைத்துக்கொள்ளும், எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். நான் குறி போட்டதும் திரிசங்கு கீழே இறங்கிவிட்டான். 2024 நவம்பரில் வந்த கோட்லின் 2.1 முதல் ஜேஸ்பெசிஃபை குறியை மீறினால் வார்னிங் இல்லை, எரர்.

எனக்கு இது தெரியும். தெரிந்தும், ‘ஒரு மெத்தடின் பெயர்கூட மாறவில்லை, பழைய ஜார் இருந்த இடத்தில் புதியதை வைத்தால் ஓடும்’ என்ற தைரியத்தில் சாதாரணச் சிறு பதிப்பாக வெளியிட்டேன். மறுநாள் காலை, முன்பு என்னோடு வேலை பார்த்த, கோவையில் இருக்கும் தம்பியிடமிருந்து போன். “ஏனுங்க்கா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? என் பில்டு பூராவும் செவப்பா இருக்கு.” பதினேழு எரர். எல்லாம் பெயர்ப்பகுதியை நேரடியாகத் தொடும் இடங்கள். “அந்தப் பதினேழும் உன் ஆப் கிராஷ் ஆகியிருக்கக்கூடிய இடம்ப்பா” என்றேன். “அது சரிங்க்கா, ஆனா இன்னைக்கு ரிலீசு இருக்குதுங்களே” என்றான். அவன் பக்கம்தான் நியாயம். பழைய பதிப்புக்கே போகச் சொல்லிவிட்டு, இந்த மாற்றத்தைப் பெரிய பதிப்பு எண்ணோடு, முதல் வரியிலேயே எச்சரிக்கையோடு மறுபடி வெளியிட்டேன். நீங்கள் செய்தால் என் மாதிரி அவசரப்படாதீர்கள், கோட்லினில் இருந்து கூப்பிடுகிற ஒரு சின்ன மாதிரித் திட்டத்தைப் பக்கத்தில் வைத்து முதலில் கம்பைல் செய்து பாருங்கள்.

இந்த நான்கு சொற்களும் நிலைக்குமா என்று கேட்டால், நிலைத்துவிட்டன என்றே நினைக்கிறேன். ஜாவாவில் பரவலாகப் பயன்படும், 2025 இறுதியில் வந்த ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க் 7 தன் சொந்தக் குறிகளை ஓரங்கட்டி ஜேஸ்பெசிஃபைக்கு மாறிவிட்டது. டெஸ்ட் எழுத உதவும் ஜூனிட் 6-ம் அப்படியே. மொழிக்குள்ளேயே கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியும் வைத்து இதைச் சொல்லும் வரைவு ஒன்று ஜாவா குழுவிடம் இருக்கிறது. அது வரும்போது வரட்டும். அதுவரை நல் பாயின்டர் எக்செப்ஷன் காத்திருக்காது.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரே செயலி, அதை வேறு யாரும் லைப்ரரியாகக் கூப்பிடுவதில்லை, முழுவதும் கோட்லினுக்கு மாறப்போகிறீர்கள் என்றால் இந்த உழைப்பை அந்த மாற்றத்தில் போடுங்கள். டெஸ்ட் நிரலுக்கும் நான் இயக்கவில்லை, வேண்டுமென்றே நல் கொடுத்துப் பார்க்கும் டெஸ்ட்கள்தான் அங்கே அதிகம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அரை நட்சத்திரத்தை மேவனின் அந்தப் பத்து வரிக்காகவும், அரையை ஜெனரிக்ஸுக்காகவும் பிடித்துக்கொண்டேன். என் லைப்ரரியில் நல்அவேயை வாயடைத்து வைத்திருக்கும் இடங்கள் இன்னும் பதினொன்று இருக்கின்றன. பத்துக்குப் பக்கத்தில் காரணம் எழுதியிருக்கிறேன். பதினொன்றாவதில் ‘பிறகு பார்க்கலாம்’ என்று மட்டும் இருக்கிறது. பிறந்தநாள் தேதியைப் படிக்கும் மெத்தட் அது. வருடம் இல்லாமல் மாதமும் நாளும் மட்டும் போடலாம் என்று 4.0 தரம் அனுமதிக்கிறது, அப்போது வருடத்துக்கு என்ன திருப்புவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.